தூரத்தை வேகத்தால் வகுத்தால் மட்டும் போதாது

நியூயார்க்–லண்டன் 5,550 கி.மீ., விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ., ஆகவே பயணம் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே என்று விமானப் பயண நேரம் பற்றிய உங்கள் கட்டுரையில் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். தூரம் சரி. ஆனால் காற்றை விட்டுவிட்டீர்களே!

அட்லாண்டிக்குக்கு மேலே, சுமார் பத்து கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்றோட்டம் என்ற பலத்த காற்று பாய்கிறது. லண்டனுக்குப் போகும்போது அது பின்னாலிருந்து தள்ளும். திரும்பும்போது எதிர்த்து நிற்கும். அதனால்தான் போக ஏறக்குறைய ஏழு மணி நேரம், வர எட்டு என்று விமான நிறுவனங்கள் தங்கள் அட்டவணையிலேயே வித்தியாசம் வைக்கின்றன. 2020 பிப்ரவரியில் புயல் காற்றின் தயவில் ஒரு பயணிகள் விமானம் நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடத்தில் லண்டனில் இறங்கியது. தரையை வைத்துப் பார்த்தால் அதன் உச்ச வேகம் மணிக்கு 1,300 கி.மீ.க்கும் மேல்! ஆனாலும் அது ஒலியின் வேகத்தைத் தாண்டவில்லை, சுற்றியுள்ள காற்றும் சேர்ந்தே ஓடியதால்.

அப்புறம் வான்வெளித் தடை. ஹெல்சின்கி–டோக்கியோ தூரம் இன்றும் சுமார் 7,800 கி.மீ.தான். 2022இல் ஃபின்லாந்து விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், சுற்றிப் போக வேண்டியதாகி, ஒன்பதரை மணி நேரப் பயணம் பதின்மூன்றை எட்டிவிட்டது.

இணைப்பு விமானம் பிடிக்கிறவர்கள் உங்கள் கட்டுரைக் கணக்கை நம்பித் திட்டம் போடுவார்கள். தயவுசெய்து போகும் நேரம், வரும் நேரம் இரண்டையும் தனித்தனியாகக் கொடுங்கள்.