கொல்லர் உலையில் இரும்பு உருக்கி வார்க்கப்பட்டதா?

முற்காலக் கிராமக் கொல்லர் தம் உலையில் இரும்பை நீராக உருக்கி, அச்சில் ஊற்றி ஏர்க்கொழுவும் அரிவாளும் செய்தார் என்று ஒரு செய்தி பரவி வருகிறது. இது தவறு.

தூய இரும்பு உருகுவதற்கு 1538 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். கொல்லருக்கு அது தேவையே இல்லை. துருத்தியால் ஊதப்பட்ட கரி நெருப்பில் இரும்பைச் செம்மஞ்சள் நிறம் வரும்வரை காய்ச்சி, குறட்டால் பிடித்து, பட்டடையில் வைத்துச் சம்மட்டியால் அடித்தே அவர் வடிவம் கொடுத்தார். வெப்பமானியின்றி நிறத்தைப் பார்த்தே பதம் அறிந்ததால்தான் உலைக்களத்தை மங்கலான வெளிச்சத்தில் வைத்திருந்தனர். கவனம் பிசகினால் இரும்பு பொறி சிதறி எரிந்து வீணாகும்.

இரண்டு துண்டுகளை ஒட்டவைக்கும்போது ஏறக்குறைய வெண்மை நிறம்வரை காய்ச்சி மணல் தூவுவார்கள். மணல் இரும்பின் மேல் செதிலாகப் படிந்துள்ள ஆக்சைடோடு சேர்ந்து உருகி, அடி விழும்போது தெறித்து வெளியேறும். பார்த்தவர்கள் இதையே இரும்பு உருகியதாக எண்ணியிருக்கலாம் என்று தோன்றுகிறது.

அச்சில் ஊற்றத் தக்கது 2 விழுக்காட்டுக்கு மேல் கரிமம் கொண்ட வார்ப்பிரும்பு. அது 1150 டிகிரி அளவிலேயே உருகத் தொடங்கினாலும், சம்மட்டி அடியைத் தாங்காமல் உடைந்துவிடும். ஆகவே அரிவாளுக்கு உதவாது. மூடிய மூசையில், அதாவது உலோகம் உருக்கும் மண் கலத்தில், எஃகை உருக்கிய வழக்கமும் பண்டைக் காலத்தில் இருந்தது உண்மையே. ஆனால் அது தனித் தொழில்; கிராமக் கொல்லரின் அன்றாட வேலையன்று.