பில் ஃபிங்கரை ஏன் விட்டுவிட்டீர்கள்?
காமிக்ஸ் நாயகர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில், சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் அதன் உரிமையை வெறும் 130 டாலருக்கு எழுதிக்கொடுத்த கதையை மனம் கனக்கச் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் அடுத்த பத்தியிலேயே பேட்மேனைப் படைத்தவர் பாப் கேன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! அவரோடு சேர்ந்து பேட்மேனை உருவாக்கிய எழுத்தாளர் பில் ஃபிங்கர் எங்கே?

கேன் முதலில் வரைந்து காட்டிய உருவத்துக்குச் சிவப்பு உடை, கண்களை மட்டும் மறைக்கும் சிறு முகமூடி, முதுகில் விறைப்பான இறக்கைகள். சர்க்கஸில் பார் விளையாடுகிறவரைப் பார்த்து எந்தத் திருடன் பயப்படுவான்? காது நீண்ட முகமூடி, மேலங்கி, சாம்பல் நிறம் எல்லாம் ஃபிங்கர் சொன்ன மாற்றங்கள். புரூஸ் வேய்ன் என்ற பெயரும் கோத்தம் நகரமும் அவர் தந்தவை. 1939இல் வெளியான முதல் கதையை எழுதியவரும் அவரே. ஆனால் பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டவர் கேன். அதனால் அச்சில் இருந்ததும் அவர் பெயர்தான்.

சீகலும் ஷூஸ்டரும் வழக்குப் போட்டார்கள், பத்திரிகைகளிடம் முறையிட்டார்கள், கடைசியில் 1975இல் ஓய்வூதியமாவது கிடைத்தது. ஃபிங்கர் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். பேட்மேனோடு அவர் பெயரையும் அதிகாரபூர்வமாகச் சேர்த்தது 2015இல்! அந்த ஒரு வரியைத் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.