முதல் ஆல்பத்தோடு ஒரு குழுவைக் கட்டிப்போடாதீர்கள்

“முதல் ஆல்பம் மாதிரி வராதுப்பா” என்று ஒரு ராக் குழுவைப் பற்றி யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். பிங்க் ஃப்ளாய்டு என்ற இங்கிலாந்து ராக் குழுவுக்காக குன்னூர் டீக்கடைகளில் பலமுறை மல்லுக்கு நின்றிருக்கிறேன். இன்று எழுதியே விடுகிறேன்.

1967-ல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் எனக்கும் பிடிக்கும். பெரும்பாலும் குழுவின் பாடகரும் கிதார்காரருமான சிட் பாரெட் எழுதியது. பூனை, சைக்கிள், விண்வெளி என்று துள்ளும். அடுத்த வருடமே மனநிலை குலைந்து அவர் குழுவிலிருந்து விலக வேண்டியதாயிற்று. கிதாருக்கு டேவிட் கில்மோர் வந்தார். அதன்பின் சில வருடம் திசை தெரியாமல் நீள நீளமாக வாசித்தார்கள். அந்த வருடங்கள் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். 1971-ல் இசைத்தட்டின் ஒரு பக்கத்தையே நிரப்பிய ‘எக்கோஸ்’ கேளுங்கள். ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் எங்கே சும்மா இருக்க வேண்டும் என்பது நால்வருக்கும் பிடிபட்டிருக்கும்.

அந்தப் பொறுமைதான் 1973-ல் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆனது. வரிகள் முழுக்க பேஸ் கிதார் வாசித்த ரோஜர் வாட்டர்ஸ். அப்போது அவருக்கு 29 வயது. காலம், பணம், சாவு, பித்து எல்லாவற்றையும் சுற்றி வளைக்காமல் எழுதினார். ஆல்பம் வருவதற்கு ஒரு வருடத்துக்கும் முன்பே மேடைகளில் வாசித்து வாசித்துத் திருத்தியவை அவை. அதில் ‘டைம்’ பாட்டில் கடிகாரங்கள் அலறி ஓய்ந்த பிறகும் குரல் வராது. டிக்டிக் சத்தமும் நிக் மேசனின் டிரம்ஸும்தான் முன்னால் நிற்கும். இரண்டு நிமிடத்துக்கு மேல் நம்மைக் காக்கவைத்துவிட்டு, அப்புறம்தான் வீணாய்ப் போன வயதைப் பற்றிய வரி தொடங்கும். வரி சொல்லப்போவதை இசை முன்கூட்டியே நம்மீது நடத்திக் காட்டிவிடுகிறது. முதிர்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான்.

1975-ல் பாரெட்டை நினைத்து எழுதிய பாட்டுகளைப் பதிவுசெய்துகொண்டிருந்தபோது, அவரே ஒருநாள் ஸ்டூடியோவுக்கு வந்து நின்றார். தலையும் புருவமும் மழித்து, உடம்பு பெருத்து. கூட வாசித்தவர்களுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. அந்தப் பாட்டுகள் உள்ள ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஆல்பத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இது தொண்டையை அடைக்கும்.

பிறகும் ஏறுமுகமாகவே போனார்களா என்றால், இல்லை. 1983-ல் ‘தி ஃபைனல் கட்’ வந்தபோது கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட் குழுவில் இல்லை. வாட்டர்ஸின் வரியில் கோபமும் கூர்மையும் இருந்தன, இசை அவற்றைச் சுமக்கிற கூலியாகிவிட்டது. எழுதுகிறவர் மட்டும் வளர்ந்தால் குழு வளர்ந்ததாகாது என்பது என் கருத்து.

இதை நான் எழுதுவது நம் மலைப் பிள்ளைகளுக்காக. குன்னூரிலும் கோத்தகிரியிலும் சர்ச் பாடகர் குழுவில் பழகி, நாலு பேராகச் சேர்ந்து வாசிக்கிற பையன்கள் இருக்கிறார்கள். மஞ்சு இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும், ஸ்ருதி ஓடும். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் முறுக்காணியைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். ரிசார்ட்டுகளில் அவர்களிடம் கேட்பதெல்லாம் நாலு சினிமாப் பாட்டு. அப்படி ஒரு குழுவின் பயிற்சியில் போன மழைக்காலம் உட்கார்ந்திருந்தேன். முன்பெல்லாம் காதல் பாட்டுதான். இப்போது இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த பாட்டியைப் பற்றி எழுதியிருக்கிறான் ஒருவன். பாட்டி பேசுகிற இடத்தில் டிரம்ஸ்காரப் பையன் யாரும் சொல்லாமலே குச்சியைக் கீழே வைத்துவிட்டான்.

ரிசார்ட் வைத்திருப்பவர்கள், ஊட்டி கோடை விழா மேடையை ஒழுங்கு செய்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். இந்தப் பிள்ளைகளுக்கு அரைமணி நேரம் கொடுங்கள், சொந்தப் பாட்டுக்கு மட்டும். சரியாக வராவிட்டால் அடுத்த வருடமும் கூப்பிடுங்கள்.