நார்வே சால்மன் போலந்துக்குப் போவது சம்பளத்தால் மட்டுமா?

"நார்வேயில் கூலி அதிகம், அதனால் மட்டும்தான் பண்ணையில் வளர்த்த சால்மன் மீனை வெட்டாமல் முழுசாகப் பதப்படுத்தப் போலந்துக்கு அனுப்புகிறார்கள்" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. இது பாதி உண்மைதான். கூலி ஒரு காரணம், சரி. ஆனால் வரியை ஏன் விட்டுவிட்டார்கள்? போலந்து இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தில் நார்வே இல்லாததால், நார்வேயிலிருந்து ஒன்றியத்துக்குள் போகும் முழு மீனுக்குச் சுங்கவரி 2%, புகையூட்டிய சால்மனுக்கோ 13%, அதாவது நார்வேயிலேயே புகையூட்டினால் வரிதான் கூடும். அப்புறம், எல்லா மீனையும் அப்படியே அனுப்பிவிடவும் முடியாது: புண்ணோ ஊனமோ உள்ள மீனை உள்நாட்டில் வெட்டிச் சரிசெய்த பிறகே ஏற்றுமதி செய்யலாம் என்பது நார்வே விதி. குடல் நீக்கும் வேலையும் பெரும்பாலும் நார்வேயில்தான். வரியை மறைத்துவிட்டுத் தொழிலாளியின் சம்பளத்தை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம்.