மூன்று நாள் மத்தியும் மாத்திரை அட்டையும்

மூன்று நாள் மத்தி மீன் மட்டும் தின்றேன், சர்க்கரை போச்சு என்று ஒருவர் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு போட்ட அந்த வீடியோவைப் பற்றி இனிப் பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று அதன் கீழே ஒருவர், "கிளிமெபிரைடை நிறுத்திட்டேன் அண்ணா, நாளையிலிருந்து நானும் மத்திதான்" என்று எழுதியிருக்கிறார். கிளிமெபிரைடு சர்க்கரையை இறக்கும் மாத்திரை. அந்தப் பதிவுக்கு வரிசையாக இதயம் விட்டிருக்கிறார்கள். அதன்பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

மத்தி நல்ல மீன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போன முறை எச்சரித்ததற்கு 'மருந்துக் கம்பெனி ஆள்' என்று பட்டம் கொடுத்தீர்கள். வலித்தது. ஒமேகா-3, பி12, வைட்டமின் டி எல்லாம் மத்தியில் உண்டு. முள்ளோடு தின்றால் கால்சியமும் கிடைக்கும். சின்ன மீன், சில வருடம்தான் வாழ்கிறது, அதனால் பாதரசம் பெரிய மீன்களைவிடக் குறைவு. எனக்கு மீனோடு சண்டை இல்லை. மாத்திரையைத் தானாக நிறுத்துவதோடுதான் சண்டை.

மூன்றாம் நாள் இரண்டு கிலோ குறைந்தது என்கிறார் வீடியோக்காரர். சோற்றை நிறுத்தினால் உடம்பு முதலில் கிளைகோஜனைத்தான், அதாவது சேமித்து வைத்த சர்க்கரையைத்தான், செலவழிக்கும். அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீர் சேர்ந்திருக்கும், அதுவும் வெளியேறும். குறைந்ததில் பெரும்பகுதி தண்ணீர். அவர் ரிப்போர்ட்டில் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பும் இறங்கியது உண்மையாகவே இருக்கலாம், மாவுச்சத்து உள்ளே போகவில்லையே. மூன்று நாள் முட்டையும் கீரையும் மட்டும் தின்றிருந்தாலும் இறங்கியிருக்கும். எச்பிஏ1சி என்ற பரிசோதனை, ரத்தச் சிவப்பணுவில் ஒட்டிய சர்க்கரையை வைத்து ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். மூன்று நாளில் அதை வைத்து 'சர்க்கரை போச்சு' என்று சொல்ல வழியே இல்லை.

யூரிக் அமிலம் எவ்வளவு என்று அந்த ரிப்போர்ட்டில் காட்டவில்லை. மத்தியில் பியூரின் அதிகம், அதுதான் உடம்பில் யூரிக் அமிலமாக மாறும். போதாததற்கு, சோறு இல்லாமல் உடம்பு கொழுப்பை எரித்து ரத்தத்தில் கீட்டோன் ஏறும்போது சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றுவதும் குறையும். இரண்டும் ஒரே வாரத்தில் சேர்ந்தால், ஏற்கெனவே கவுட் (யூரிக் அமிலத்தால் வரும் மூட்டு வீக்கம்) உள்ளவருக்குக் கால் பெருவிரல் வீங்கி நடக்க முடியாமல் போகலாம்.

இப்போது மாத்திரை. நிறுத்திவிட்டு நான்காம் நாள் இட்லிக்குத் திரும்பினால் சர்க்கரை ஏறும், தடுக்க ஒன்றும் இருக்காது. சரி, நிறுத்தாமல் மத்தி மட்டும் தின்றால்? அதுவும் ஆபத்துதான். கிளிமெபிரைடு, இன்சுலின் போன்றவை சோறு இருக்கிறதா என்று பார்க்காமல் சர்க்கரையை இறக்கும். நடுராத்திரி வியர்த்து, கை நடுங்கி, நினைவு தப்பலாம். டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. மாவுச்சத்து இல்லாதபோது ரத்தம் அமிலமாகிப் போகலாம், மீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமலே. வாந்தி, வயிற்றுவலி, மூச்சுத் திணறல் வந்தால் மீட்டரை நம்பி வீட்டில் உட்காரக் கூடாது. அதனால்தான் சொல்கிறேன்: நிறுத்துவதோ, குறைப்பதோ, தொடர்வதோ உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியது, வீடியோ சொல்ல வேண்டியதில்லை.

"டாக்டர் இரண்டு நிமிடம்தான் பார்க்கிறார், சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதே இல்லை" என்பீர்கள். நியாயமான குறைதான். அந்த இரண்டு நிமிடத்திலாவது மாத்திரையை என்ன செய்வது என்ற கேள்வியைக் கேளுங்கள்.

"எஸ்கிமோக்கள் மீன்தானே தின்றார்கள்?" என்பவர்களுக்கு: ஆக்ஸ்போர்டின் ஊட்டச்சத்து ஆய்வாளர் ஹியூ சின்க்ளேர் 1979இல் 100 நாள் அவர்களைப் போல சீல் என்ற கடல் விலங்கு, மீன் போன்ற கடல் உணவு மட்டும் தின்று பார்த்தார். காயத்தில் ரத்தம் நிற்க எடுக்கும் நேரம் பல மடங்கு நீண்டது. மீன் அத்தனை வலுவாக வேலை செய்கிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின், குளோபிடோகிரெல் எடுப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்.

எந்த மருந்தும் எடுக்காத, சிறுநீரகக் கோளாறும் கவுட்டும் இல்லாத, கர்ப்பமாக இல்லாத பெரியவர் மூன்று நாள் பார்க்க ஆசைப்பட்டால் நான் தடுக்க மாட்டேன். நாளுக்குச் சுத்தம் செய்த மீன் அரைக் கிலோ, அதற்குச் சந்தையில் முக்கால் கிலோவுக்கு மேல் வாங்க வேண்டும். செவுள் சிவப்பாக, கண் தெளிவாக, வயிறு உடையாமல் இருக்கட்டும். வாங்கியதும் ஐஸில் வையுங்கள். வெயிலில் கிடந்த மத்தியில் ஹிஸ்டமைன் என்ற நச்சுப்பொருள் கூடும், எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. தின்ற சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, தடிப்பு வந்தால் அதுதான் காரணம். பலர் மீன் அலர்ஜி என்று நினைத்துவிடுகிறார்கள்.

பொரிக்காதீர்கள். சூரியகாந்தி எண்ணெயில் முக்கி எடுத்தால் வேறு கொழுப்புதான் ஏறும். குடம்புளியும் மிளகும் உப்பும் போட்டு, குக்கரில் சிறு தீயில் இருபது, இருபத்தைந்து நிமிடம் விட்டால் முள் மாவாகிவிடும், பிறகு முள்ளோடு தின்னலாம். நார்ச்சத்து அறவே கிடையாது, மலச்சிக்கல் வரும். இரண்டாம் நாள் தலைசுற்றினால் உப்பும் தண்ணீரும் உடம்பை விட்டுப் போகிறது என்று அர்த்தம், அத்தோடு நிறுத்திவிடுங்கள். ரத்தப் பரிசோதனை, மத்தியைத் தொடங்குவதற்கு முன் ஒன்று, வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பி இரண்டு வாரம் கழித்து ஒன்று, ஒரே லேபில் எடுங்கள். வெறும் வயிறு 10 முதல் 12 மணி நேரம். மூன்றாம் நாள் ரிப்போர்ட் அந்த மூன்று நாளைத்தான் காட்டும்.

கடற்கரை வீடுகளில் இந்த மீனைத் தலைமுறைகளாகக் குழம்பில் போட்டுச் சோற்றோடு தின்கிறார்கள். 'நாத்த மீன்' என்று முகம் சுளித்தவர்கள்தான் இப்போது டின்னில் அடைத்ததை மருந்து என்று வாங்குகிறார்கள். அதே மீனை வாரம் இரண்டு நாள் குழம்பு வைத்துத் தின்னச் சொன்னால் மட்டும் யாருக்கும் காது கேட்பதில்லை.

கிளிமெபிரைடை நிறுத்திய அந்த அண்ணனுக்கு: இன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அதுவரை மத்தி வேண்டாம், வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிடுங்கள். இரவு படுக்கும் முன் ஒரு முறை சர்க்கரை பார்த்துவிடுங்கள்.