மந்திரமா, மூச்சா என்ற சண்டை

பௌத்த தியானம் பற்றிப் பேச்சு எடுத்தாலே இரண்டு கட்சி ஆகிவிடுகிறது. மூச்சைக் கவனிப்பதுதான் புத்தர் சொன்னது, மந்திரமெல்லாம் பிற்காலத்துச் சடங்கு என்கிறது ஒரு கட்சி. இத்தனை லட்சம் முறை சொன்னால் போதும், மற்றது தானாக நடக்கும் என்கிறது இன்னொன்று. எனக்கு இரண்டிலும் உடன்பாடு இல்லை.

புத்தரின் செய்யுள்களைத் தொகுத்த தம்மபதத்துக்கு எழுதிய பழைய உரையில் சூளபந்தகர் என்ற துறவியின் கதை வருகிறது. நான்கு மாதம் முட்டி மோதியும் ஒரே ஒரு செய்யுளை அவரால் மனப்பாடம் செய்ய முடியவில்லை. 'நீ இதற்கு லாயக்கில்லை, வீட்டுக்குப் போ' என்று சொன்னவர், முன்பே துறவியாகிவிட்ட சொந்த அண்ணன். மனம் உடைந்து கிளம்பியவரை புத்தர் நிறுத்துகிறார். ஒரு வெள்ளைத் துணியைக் கொடுத்து, கிழக்கே பார்த்து உட்கார்ந்து அதைக் கையால் தேய்த்தபடியே 'ரஜோஹரணம், ரஜோஹரணம்' என்று சொல்லச் சொல்கிறார். அழுக்கைப் போக்குவது என்று பொருள். அவரும் தேய்க்கிறார், சொல்கிறார். துணி மெல்லக் கறுக்கிறது. இவ்வளவு வெள்ளையாக இருந்தது இந்த உடம்பு பட்டு இப்படி ஆகிவிட்டதே என்று பார்க்கும்போதுதான் நிலையாமை அவருக்குப் பிடிபடுகிறது.

இதில் எது மந்திரம், எது கவனிப்பு? வெறும் சொல் மட்டும் இருந்திருந்தால் சொல்லி முடித்துவிட்டு எழுந்து போயிருப்பார். வெறும் துணி மட்டும் இருந்திருந்தால் மனசு அண்ணன் பேசியதையே நினைத்துக் குமுறிக்கொண்டிருக்கும். சொல் மனதைப் பிடித்து நிறுத்தியது, கண் மாற்றத்தைப் பார்த்தது.

தியானத்தில் தூங்கி வழிந்த தன் தலைமைச் சீடர் மொக்கல்லானருக்கு புத்தர் சொன்ன யோசனைகளிலும் சொல்லுக்கு இடம் உண்டு. கேட்ட தம்மத்தை, அதாவது போதனையை, வாய்விட்டு ஓது, காதை இழுத்துவிடு, முகம் கழுவி நட்சத்திரங்களைப் பார், நட. எதுவும் பலிக்கவில்லையா, விழித்ததும் எழ வேண்டும் என்ற நினைவோடு வலப்பக்கம் சாய்ந்து படு. இத்தனை வழி திறந்து வைத்தவர் அவர். இன்றும் தாய்லாந்தின் வனத் துறவிகள் பலர் மூச்சு உள்ளே வரும்போது 'புத்', வெளியே போகும்போது 'தோ' என்று மனதுக்குள் சொல்லித்தான் தொடங்கச் சொல்கிறார்கள். மனம் அடங்கியதும் சொல்லை விட்டுவிடலாம். எல்லா மரபும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஜப்பானில் ஹோனென் என்ற துறவி பரப்பிய 'நமு அமிதா புத்சு' (அமிதாப புத்தரே சரணம்) கவனப் பயிற்சியே அல்ல, அமிதாபர் என்ற அந்தப் புத்தர் மீது வைக்கும் முழு நம்பிக்கை. அதற்கு அதற்கான மரியாதை உண்டு.

அப்புறம் இந்த 'நிகழ்காலத்தில் வாழுங்கள்' விஷயம். 1979-ல் ஜான் கபாட்-ஜின் என்ற அமெரிக்கர் மசாசூசெட்ஸில் நோயாளிகளுக்காகக் கவனப் பயிற்சியைத் தொடங்கியது நல்ல காரியம்தான். ஆனால் இன்று அந்த ஒற்றை வரி, நேற்றையும் நாளையையும் மறந்துவிடச் சொல்வதாகச் சுருங்கிவிட்டது. பத்தேகரத்த சுத்தம் என்ற பாலி உரையில் புத்தர் கடந்ததைத் துரத்தாதே, வராததற்கு ஏங்காதே என்கிறார். துரத்துவது என்றால் என்ன என்றும் அங்கேயே விளக்குகிறார்: அன்று நான் இப்படி இருந்தேன் என்று அதில் சுகம் கண்டு ஒட்டிக்கொள்வது. நினைத்துப் பார்ப்பதையோ திட்டம் போடுவதையோ அவர் தடுக்கவில்லை.

புத்தர் சொன்ன எட்டு அங்கங்கள் கொண்ட எண்வழியில் நற்கடைப்பிடி, அதாவது விழிப்போடு கவனிப்பது, ஏழாவதாக வருகிறது. நல்ல பேச்சு, நல்ல செயல், நல்ல பிழைப்பு மூன்றும் அதற்கு முன்னால். இதை யாரும் சொல்லித் தராமல் விடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். காலையில் ஒருவரை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு மாலையில் கண்ணை மூடினால், மூச்சுக்கு முன்னால் அந்தப் பேச்சுதான் வந்து நிற்கும். அதை விரட்ட மந்திரம் இருக்கிறதா என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: முதலில் அவரிடம் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். எந்த மந்திரம் என்பதை அப்புறம் பார்க்கலாம்.