தொழிற்பள்ளியில் சேர மார்க் எதற்கு?

மாசசூசெட்ஸில் இருக்கும் நம் தமிழ்ப் பெற்றோர் குழுக்களில் கொஞ்ச நாளாக ஒரே விவாதம். தொழிற்பள்ளிகளில் சேர இனிமேல் குலுக்கல் என்று 2025 மே மாதம் மாநிலக் கல்வி வாரியம் முடிவெடுத்தது. இருக்கிற இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகம் வந்தால், மார்க் பார்த்துப் பொறுக்கி எடுக்கக் கூடாது. 2026 இலையுதிர் காலத்தில் சேரும் பிள்ளைகளிலிருந்து இது நடைமுறை. "அப்போ நல்லாப் படிக்கிற பிள்ளைக்கு என்ன மரியாதை?" என்று பலர் கோபப்படுகிறார்கள். எனக்கோ இது ரொம்பத் தாமதமாக வந்த நியாயம் என்றே தோன்றுகிறது.

வெளியூர் நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். இங்கே பல ஊர்கள் கூட்டுச் சேர்ந்து ஒரு வட்டாரத் தொழிற்பள்ளி மாவட்டத்தை நடத்தும். அரசுப் பள்ளிதான், கட்டணம் கிடையாது. ஒரு வாரம் கணக்கு, அறிவியல், ஆங்கிலம். மறுவாரம் முழுக்கப் பட்டறை. ஒன்பதாம் வகுப்பில் பல பட்டறைகளில் கொஞ்சம் கொஞ்சம் வேலை செய்து பார்த்துவிட்டு, தச்சு, எலக்ட்ரிக்கல், பிளம்பிங், சமையல், ஆட்டோமொபைல் என்று ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள். கடைசி வருடம் பட்டறை வாரங்களில் வெளியே கம்பெனியில் சம்பளத்துக்கே வேலைக்குப் போகலாம். இங்கே படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகிறவர்களும் நிறைய.

ஒரு காலத்தில் இந்தப் பள்ளிகளை யாரும் தேடிப் போனதில்லை. நம் ஊரில் ஐடிஐ என்றாலே "பத்தாவதில் மார்க் வரலையா?" என்று கேட்பார்களே, அதே பார்வைதான் இங்கேயும். அப்புறம் பள்ளிகள் மாறின. பாடத்திலும் நல்ல தேர்ச்சி வந்தது. வூஸ்டர் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளிக்கு 2006இல் புதுக் கட்டடம் வந்தது. 2014இல் அதன் பட்டமளிப்பு விழாவில் அதிபர் ஒபாமாவே வந்து பேசினார். கூட்டம் சேர்ந்தது. கூட்டத்தை வடிகட்ட 2003 முதலே விதி வழி விட்டிருந்தது: முந்தைய வகுப்பு மார்க், வருகைப் பதிவு, ஒழுங்குப் பதிவு, பள்ளி ஆலோசகரின் பரிந்துரை, நேர்காணல்.

இந்த வடிகட்டியில் யார் தங்கினார்கள், யார் வெளியே போனார்கள்? 2020-21 சேர்க்கையில், விண்ணப்பித்த வெள்ளையரல்லாத பிள்ளைகளில் 55 சதவீதத்தினருக்கு இடம் கிடைத்தது, வெள்ளையர்களில் 69. ஆங்கிலத்தை இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் 44 சதவீதம், மற்றவர்களில் 64. இதை வைத்துத்தான் 2023இல் சில அமைப்புகள் மத்தியக் கல்வித் துறையிடம் குடிமை உரிமைகள் மீறல் புகாரே கொடுத்தன.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையின் வருகைப் பதிவு எதைச் சொல்லும்? அம்மா இரண்டு ஷிப்ட் போகிறாள், தம்பிக்குக் காய்ச்சல், வீட்டில் வேறு ஆளில்லை. அந்தப் பிள்ளை அன்று பள்ளிக்குப் போகாது. போன வருடம்தான் பிரேசிலிலிருந்தோ ஹெய்ட்டியிலிருந்தோ வந்த பையன், நேர்காணலில் ஆங்கிலத்தில் தன்னைப் பற்றி எவ்வளவு சொல்லிவிட முடியும்? அவன் கை வேலையில் கெட்டிக்காரனாக இருக்கலாம். அதைப் பார்க்கிற கட்டம் எதுவுமே அந்த விண்ணப்பத்தில் இல்லை. கைத்தொழில் மிகவும் தேவைப்படுகிற பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவிட்டு, எந்தப் பள்ளியில் படித்தாலும் தேறிவிடுகிற பிள்ளையை உள்ளே அழைப்பதற்குப் பொதுப் பணம் எதற்கு?

எதிர்த் தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. ரம்பமும் வெல்டிங்கும் இருக்கிற இடத்தில் ஒழுங்கு முக்கியம் என்கிறார்கள் பள்ளி நிர்வாகிகள். உண்மைதான். அதனால்தான் வருகையையும் ஒழுங்கையும் ஓரளவு கணக்கில் எடுக்கப் புது விதியும் இடம் வைத்திருக்கிறது. மார்க்கும் பரிந்துரையும் போய்விட்டன. தமிழ்நாட்டில் தனியார் பள்ளிகளில் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடங்களுக்குக் குலுக்கல் நடப்பதை நாம் யாரும் குறை சொல்வதில்லை. இங்கே மட்டும் ஏன் கசக்கிறது?

சரி, குலுக்கல் வந்துவிட்டது. ஆனால் குலுக்கல் ஒரு நாற்காலியைக்கூடக் கூட்டாது. நிர்வாகிகள் ஆரம்பத்திலிருந்து சொல்லிவரும் அந்த ஒரு விஷயத்தில் நான் முழுக்க அவர்கள் பக்கம். இடம் போதவில்லை.

இடம் வேண்டுமென்றால் பணம் வேண்டும், பணம் என்றதும் ஊர்கள் பின்வாங்குகின்றன. பட்டறையில் ஓர் ஆசிரியரிடம் நிறையப் பிள்ளைகளை விட முடியாது, இயந்திரங்கள் விலை அதிகம், ஆகவே ஒரு மாணவருக்கான செலவும் சாதாரண உயர்நிலைப் பள்ளியைவிட அதிகம். மாநில உதவி போக மிச்சத்தை உறுப்பு ஊர்கள் சொத்து வரியிலிருந்து கொடுக்க வேண்டும். ஊரின் மொத்தச் சொத்து வரி வசூலை வருடத்துக்கு இரண்டரை சதவீதத்துக்கு மேல் கூட்ட ஓட்டெடுப்பு வேண்டும் என்று 1980இல் வந்த சட்டம் சொல்கிறது.

லெக்சிங்டனில் இருக்கும் மினிட்மேன் பள்ளியின் கதையைப் பாருங்கள். 1970களில் கட்டிய கட்டடம், பழுதாகிக் கிடந்தது. 16 உறுப்பு ஊர்கள். புதுக் கட்டடத்துக்குப் பணம் போடும் பேச்சு வந்தபோது, "எங்கள் ஊர்ப் பிள்ளைகள் நாலைந்து பேர்தான் போகிறார்கள்" என்ற கணக்கில் வெஸ்டன், வேலண்ட், சட்பரி உட்பட 6 ஊர்கள் விலகிக்கொண்டன. எல்லாமே வசதியான ஊர்கள். 2016இல் நடந்த ஓட்டெடுப்பில் பெல்மாண்ட் எதிர்த்தது, பிறகு அதுவும் விலகியது. மற்ற ஊர்கள் தாங்கின. சுமார் 630 பேருக்கான புதுக் கட்டடம் 2019இல் திறந்தது. சில வருடங்களிலேயே நிரம்பிவிட்டது, இப்போது காத்திருப்புப் பட்டியல். உறுப்பு ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் முன்னுரிமை. விலகிய ஊர்ப் பிள்ளைகள் வரிசையின் கடைசியில். அன்று பெரியவர்கள் போட்ட கணக்குக்கு இன்று பிள்ளைகள் விலை கொடுக்கிறார்கள்.

நம்மவர்கள் வீடு வாங்கும்போது பள்ளித் தரவரிசையை வரி விடாமல் படிக்கிறோம். ஆனால் ஊர்க் கூட்டத்தில் தொழிற்பள்ளிக் கட்டடத்துக்குக் கடன் வாங்கும் தீர்மானம் வரும்போது நம் முகங்களை அங்கே அதிகம் காணோம். உங்கள் பிள்ளை அங்கே படிக்கப் போவதில்லை என்றாலும் பரவாயில்லை. ஓட்டுரிமை இருப்பவர்கள் அந்த நாளில் போய் ஆதரித்து ஓட்டுப் போடுங்கள். இல்லாதவர்கள் பள்ளிக் குழுக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரத்தில் எழுந்து இரண்டு நிமிடம் பேசுங்கள். உங்கள் ஊர் எந்தத் தொழிற்பள்ளி மாவட்டத்தில் இருக்கிறது, அல்லது எதிலுமே இல்லையா என்பதை இந்த வாரமே பார்த்துவிட்டுக் கீழே எழுதுங்கள். ஒரே ஊரில் நாலு பேர் தேறினால் அடுத்த கூட்டத்துக்குச் சேர்ந்தே போகலாம்.